சந்திரமதி அக்கா வீட்டு ஜன்னல் தட்டி

எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் சந்திரமதி அக்காவிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்களில் அவருடைய சந்தேகத்துக்குத் தப்பியவர் கிடையாது. துணியைக் கொடுத்தால், வழியில் யாராவது மாற்றிவிட்டார்களோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வாங்க வந்தவள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசிப்பார். நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று லாரியில் சிங்கப்பூர் போன கணவர் வருஷக் கணக்காகத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு யார் சொல்லையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை.

அவருக்கு மிஞ்சியது ஒரு தையல் மிஷினும் ரோட்டைப் பார்த்த முன்னறையும்தான். அந்த ஜன்னலில் ஒரு மூங்கில் தட்டி தொங்கியது. மலாய்க்காரர்களைப் போலவே நாங்களும் அதைப் பிடாய் என்போம். அதை இறக்கிவிட்டால்தான் பெண்கள் முந்தானையை எடுத்து அளவு கொடுப்பார்கள்.

மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்து, கடை வாசல்களில் கொடிகள் மழையில் வெளுத்துக்கொண்டிருந்த சமயம். ஒரு காலையில் பார்த்தால் தட்டியின் நடுவில் குச்சிகள் முறிந்து, கயிறு தளர்ந்து, கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

"தீபாவளி வர்ற நேரத்துல இது தானா உடையுமா?" என்று என்னிடம் கேட்டார் அக்கா. நான் பக்கத்து வீடு. தோட்டத்துத் துரை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கப்பலேறி, கொழும்பு, பம்பாய், லண்டன் என்று சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அவருடைய ஜன்னலோர பெஞ்சில் போய் உட்காருவேன். "நீ வந்த பிறகுதான் உடைஞ்சிருக்கு," என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் அவர் பெரிதாகச் சந்தேகப்பட்டது எதிர்க்கடை நல்லையாவை. அவர் முடிவெட்டுகிறவர். கடைச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி.

"அந்தக் கண்ணாடி எதுக்கு என் ஜன்னலைப் பார்த்துச் சாஞ்சிருக்கு?" என்று ரோட்டைக் கடந்து போய்க் கேட்டார் அக்கா.

"ஆணி தளர்ந்து போச்சு, தங்கச்சி."

"ஆணி தளர்ந்தா என் வீட்டுப் பக்கம்தான் சாயுமா?"

நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்த ஆள் சிரித்தார். அக்கா அவர் முகத்தையும் ஞாபகம் வைத்துக்கொண்டார்.

தீபாவளித் தையல்தான் அவருக்கு வருஷத்துச் சோறு. சந்திரமதி வீட்டில் அளவு கொடுத்தால் ரோட்டுக்குத் தெரியும் என்று ஒருத்தி சொன்னால் போதும், மிஷினை மூடிவிட வேண்டியதுதான். அந்தக் கவலையில் இருந்தபோது, மறுநாளே சைக்கிளில் மூங்கில் தட்டிகளைக் கட்டிக்கொண்டு தம்பிராஜா வந்து நின்றார்.

"நேத்து உடைஞ்சது. இன்னைக்கு நீ வந்து நிக்கற. யார் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. நான் எப்பவும் வர்ற ரோடுதானே இது." தட்டியைத் தடவிப் பார்த்தார். "நல்ல மூங்கில். கொஞ்சம் குச்சி மாத்தி, கயிறு இழுத்துக் கட்டினா போதும். புதுசு வேணாம்லா."

விற்க வந்தவனே வேண்டாம் என்கிறானே! அதுதான் அக்காவை உலுக்கியது. லேசாகக் கட்டிவிட்டுப் போவான், மறுபடி அவிழும், மறுபடி இவனைக் கூப்பிட வேண்டும். "எனக்குப் புதுசுதான் வேணும். இருக்கறதுலயே நெருக்கமா பின்னினது," என்றார். தம்பிராஜா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

புதுத் தட்டியில் விரல் நுனிகூட நுழையாது. காற்றும் நுழையவில்லை. அக்கா வெளியே நின்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துத் திருப்திப்பட்டார்.

ஆனால் பெண்கள் வருவது குறைந்துபோனது. வந்தவர்களும் உட்காரவில்லை, பழைய ரவிக்கையையே அளவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜாலான் பெண்டஹாராவில் புதிதாக ஒருத்தி தையல் கடை போட்டிருப்பாள் என்று அக்கா முடிவு கட்டினார். பார்த்துவர என்னைத்தான் அனுப்பினார். நான் தெரு முழுவதும் நடந்துவிட்டு வந்து, அப்படி யாரும் இல்லை என்றேன்.

"அப்ப மறைவா நடத்தறா. இல்ல, நீ மறைக்கற."

இந்த நிலையில்தான் பீவி வந்தாள். மசாலைக் கடைக்காரர் மனைவி. மாதத்தில் பாதி நாள் இந்த பெஞ்சில்தான் இருப்பாள். இப்போது வெகுநாள் கழித்து வந்திருந்தாள். அக்கா நூல் கோத்துக்கொண்டே ஓரக்கண்ணால் கவனித்தார். பேச்சு வாக்கில் பீவியின் கை மேலே போனது. பழைய ஓட்டை இருந்த அதே உயரத்தில் தட்டியைத் தடவி, குச்சியை நெம்பிப் பார்த்தது.

"பீவி! கையை எடு. நீதானா அது?"

பீவிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் மட்டும் இல்லக்கா. எல்லாரும்தான் குச்சியைத் தூக்கிப் பார்ப்போம். அன்னைக்கு நான் கொஞ்சம் வேகமா தூக்கிட்டேன்."

"அப்படி என்ன இருக்கு வெளியில?"

"நல்லையா கடைதான். எங்க வூட்டுக்காரரு மீசைக்கு மை போட அங்கதான் வருவாரு. வீட்டுல பிறவியிலேயே கறுப்புன்னு சாதிப்பாரு! அந்தக் கண்ணாடில எல்லாம் தெரியும்க்கா." சிரித்துவிட்டு அடங்கினாள். "எங்க வீட்டுல ஜன்னல்கிட்ட நின்னா மாமியா சத்தம் போடுவாங்க. தைக்கக் கொடுக்கப் போறேன்னு சொன்னாத்தான் வெளியிலயே விடுவாங்க. இங்க வந்தும் சுவரையே பார்க்கணும்னா எதுக்கு வரணும்?"

அக்கா நூலைக் கீழே வைத்தார். மிஷினில் பாதியில் நின்ற ரவிக்கையைப் பார்த்தார். காலியாக இருந்த பெஞ்சின் மறுபாதியைப் பார்த்தார். பிறகு கொல்லைப்புறம் போய், விறகை மூடியிருந்த பழைய தட்டியை உதறி எடுத்துவந்தார்.

தம்பிராஜா மறுபடி வந்தபோது அக்கா, "மேல கட்டு, கீழ கட்டு. நடுவுல மட்டும் கைவைக்காத," என்றார்.

"உடைஞ்ச இடத்தை விட்டுட்டு ரிப்பேரா?"

"ஏன், எதுக்குன்னு கேக்கற? உனக்கு எதுக்கு அது?"

புதுத் தட்டியை அறைக்கு நடுவே குறுக்காகத் தொங்கவிட்டார். அளவெடுப்பது அதற்குப் பின்னால், காத்திருப்பது ஜன்னலோரம். அந்த வாரமே பீவி தன் நாத்தனாரையும் கூட்டிவந்தாள். தீபாவளி வரை மிஷின் ஓயவில்லை.

ஒரு மாலை, எல்லோரும் போனபின் அக்கா முதல் தடவையாக அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஓட்டை வழியாகப் பார்த்தார். நல்லையா தலையைத் தூக்காமல் யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்தார். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு நேரமாச்சு, இந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பலயே இந்த மனுஷன்," என்றார் என்னிடம் மெதுவாக. "அதுல என்னமோ இருக்கு."