சைவ இறால்

திருமணமான புதிதிலேயே எனக்கும் என் கணவருக்கும் ஒரு வீண் வழக்கம் தொற்றிக்கொண்டது. தன்னைத்தானே மறுத்துப் பேசும் சொற்களை எங்கிருந்தாவது பிடித்துவந்து ஒருவர் முன் ஒருவர் வைப்போம். அது மெய்யாகவே முரண்தானா, இல்லை முரண் மாதிரி நடிக்கிறதா என்று வாதாடுவோம். தோற்றவர் தேநீர் போட வேண்டும்.

எங்கள் வீடு நாவற்குடாவில். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். அவர் பாசிக்குடாவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கிறார். ஆகவே சரக்குக்குக் குறைவில்லை. நான் வகுப்பறையிலிருந்து ‘பச்சைக் கரும்பலகை’யைக் கொண்டுவந்தேன். அவர் விடுதியிலிருந்து ‘போதையில்லாத பியர்’ கொண்டுவந்தார். ஒருநாள் சந்தைப் பையைக் கொட்டியவர் துள்ளிக் குதித்தார்.

“இஞ்ச பார், சிவப்புப் பச்சமிளகாய்!”

“அதில பச்சை எண்டது நிறமில்ல. காயாதது எண்டு அர்த்தம்,” என்றேன்.

“அப்ப காய்ஞ்ச பச்சமிளகாய் எண்டா?”

“அதுக்குப் பேர் செத்தல்.”

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேத்தலை அடுப்பில் வைத்தார்.

நான் தோற்றது ‘சின்னப் பெரியம்மா’வில். அவருடைய அம்மாவுக்கு அக்காமார் இரண்டு பேர். மூத்தவர் பெரிய பெரியம்மா, அடுத்தவர் சின்னப் பெரியம்மா. புது மருமகளாகப் போன வீட்டில் இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவருக்கு ரோசம். “அம்மாவோட வச்சுப் பாத்தா அவ பெரிசு. அக்காவோட வச்சுப் பாத்தா சின்னன். அளக்கிற கோல் ரெண்டு. நீ கணக்கு ரீச்சர்தானே, இது விளங்காதா?” என்றார். விளங்கியது. எழுந்து போய்த் தேநீர் போட்டேன். “வெறுந்தேத்தண்ணிக்குச் சீனி போடவா?” என்று கேட்டு, சீனி போட்டபின் அது எப்படி வெறும் தேத்தண்ணியாகும் என்று அடுத்த வழக்கையும் அங்கேயே தொடங்கினேன்.

போன வருடம் மண்டூர் முருகன் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது மாமி, என் கணவரின் அம்மா, எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய ஊர் மண்டூர். கொடியேறினால் தீர்த்தம் முடியும்வரை அவருடைய அடுக்களையில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் ஏறாது. மீன் என்ற சொல்லைக்கூட மெதுவாகத்தான் சொல்லுவார். அந்த நாட்களுக்கு நடுவே பட்டணத்தில் கண் கிளினிக் வந்துவிட்டது. வராமல் இருக்க முடியாது. வரும்போது தன் சட்டியைத் தானே கொண்டுவந்தார். என் சட்டிகளின் வரலாறு அவருக்குத் தெரியும்.

கிளினிக்கில் கண்ணுக்கு மருந்து விட்டு அனுப்பினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லாம் பால் ஊத்தின மாதிரித் தெரிகிறது என்று சொல்லியபடி கதிரையில் வந்து இருந்தார். அன்றைக்கு என் கணவருக்கும் விடுமுறை. நான் மாமியின் சட்டியில் பருப்பு ஆக்கி இறக்கிவிட்டு, அதைக் கழுவி சோயா கறியும் ஆக்கினேன். முச்சந்திக் கடையில் இறால் சுவை போட்ட பைக்கற்று மட்டும்தான் இருந்தது. சுடுதண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, வெங்காயம், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் எல்லாம் போட்டு, தேங்காயின் முதற்பால் விட்டு இறக்கியபோது வீடு முழுக்க இறால் மணம். எனக்கே ஒரு கணம் பயமாக இருந்தது.

சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, கறியை ஊற்றி, மாமியின் கையில் கொடுத்துவிட்டு என் கணவர் சொன்னார், “அம்மா, சைவ இறால் கறி. சாப்பிடுங்க.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். புதுச் சொல் ஒன்று பிடித்துவிட்ட சந்தோசம்.

மாமியின் கை கோப்பைக்கு மேலேயே நின்றது. “என்ன இறால்?”

“சும்மா சொல்றார் மாமி. அது சோயா,” என்றேன்.

“சோயாக்கு ஏன் புள்ள இறால் மணக்குது?”

“மணத்துக்கு ஏதோ போட்டிருக்காங்க. பைக்கற்றில எழுதியிருக்கு.”

“பைக்கற்றக் கொண்டா.”

குப்பை வாளியிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். எட்டப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மகனிடம் நீட்டி, “வாசி மகன்,” என்றார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சேர்மானம்: வாவியில பிடிச்ச உயிர் இறால், உப்பு...”

நான் பாய்ந்து பறித்தேன். “சோயா மா, உப்பு, சுவையூட்டி. அவ்வளவுதான் மாமி.”

“சுவையூட்டி எண்டா?”

“இறால்ட சுவைய மட்டும் ஊட்டுறது. இறால் இல்ல.”

“இறால் இல்லாம இறால்ட சுவை எப்பிடி வரும்? நீ இல்லாம உன்ட சத்தம் வருமா?”

“போனில வருதே அம்மா,” என்றார் என் கணவர். முதல் முறையாக என் பக்கம் பேசினார் என்று நினைத்தேன். இல்லை, வழக்கு முடிந்துவிடக்கூடாது என்ற கவலை அவருக்கு.

மாமி ஒரு சோயாத் துண்டை எடுத்து எங்கள் பூனைக்கு முன்னால் போட்டார். பூனை முகர்ந்தது, தின்றது, நிலத்தையும் நக்கியது.

“பாத்தியா?”

“அது பருப்பும் தின்னும் மாமி,” என்று சொல்லி ஒரு கரண்டி பருப்பை வைத்தேன். பூனை அதைப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, திரும்பி நடந்தது. நான் ஒருநாளும் அப்படி அவமானப்பட்டதில்லை.

“சரி, சின்னப் பெரியம்மாட்டக் கேப்பம்,” என்றார் என் கணவர். அது மேல் நீதிமன்றம். திருவிழாக் காலத்தில் மண்டூரில் அவரைவிடக் கடுமையாக விரதம் பிடிப்பவர் கிடையாது. போனைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்தார்.

“அக்கா, சோயாவில இறால் மணக்குது. தின்னலாமா, ஏலாதா?” என்று கேட்டார் மாமி.

அங்கே சட்டியில் அகப்பை தட்டுகிற சத்தம் கேட்டது.

“இறால் பைக்கற்றா?”

“ஓம்.”

“அதில உப்புக் கூட. கோழிதான் நல்லம்.”

மாமி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். “அக்கா! திருவிழாக்குள்ள நீ கோழி தின்றியா?”

“கோழி இல்லடி, சைவக் கோழி. கொடியேறின நாள் தொட்டு அதுதான் ஆக்குறன்.”

“முருகன் ஒண்டும் சொல்லல்லயா?”

“அவர் என்னத்தச் சொல்ற? புள்ளைகள்தான் இன்னும் கொஞ்சம் தா எண்டு கேக்குதுகள். வை, அடிப்பிடிக்கப்போகுது.”

போன் நின்றது. சிரித்தால் கதை கந்தலாகிவிடும் என்று நான் யன்னலைப் பார்த்தேன். என் கணவர் நிலத்தைப் பார்த்தார். மாமி கண்ணாடியைத் திரும்பப் போட்டார். பிறகு சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார்.

“உப்புக் காணாது,” என்றார்.

மாமி சாப்பிட்டுக்கொண்டிருக்க நாங்கள் எங்கள் வழக்குக்கு வந்தோம். சைவம் என்றால் இறால் இல்லை, இறால் என்றால் சைவம் இல்லை, இதைவிட அசல் முரண் உலகத்தில் கிடையாது என்றார் என் கணவர். “சைவம் எண்டது என்னத்தால செய்தது எண்டதுக்கு. இறால் எண்டது எப்பிடி ருசிக்குது எண்டதுக்கு. அளக்கிற கோல் ரெண்டு. நீங்க சொன்ன கதைதான்,” என்றேன் நான்.

பதில் மாமியிடமிருந்து வந்தது. “வயிறு சைவம்தான் புள்ள. நாக்குத்தான் மச்சம் தின்னுது. தீர்த்தமாடக்குள்ள நாக்கையும் ஒருக்காக் கழுவினாச் சரி.”

“அப்ப முரண்தானே அம்மா?” என்று அவர் பாய்ந்தார்.

“முரணோ கிரணோ, இன்னும் கொஞ்சம் ஊத்து.”

அன்றைக்கு யார் தேநீர் போடுவது என்று முடிவாகவில்லை. ஆளுக்கு ஒரு கோப்பை போட்டோம். இரண்டையும் மாமி குடித்தார்.

அடுத்த நாள் காலையில் அவரைப் பஸ் ஏற்றக் கூட்டிக்கொண்டு போனோம். தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடையில் மாமி நின்றார். அப்போது பார்வை நன்றாகத் தெளிந்திருந்தது.

“தம்பி, சோயா இருக்கா?”

“கோழி தரவா அம்மா?”

“வேணாம். அது அக்கா தின்றவ.”

“இறால் இல்ல. கணவாய் மீன் சுவை இருக்கு.”

மாமி என் காதுக்குக் கிட்ட வந்து கேட்டார், “கணவாய்க்குச் சிவத்த ரத்தம் இல்லத்தானே?”

“சோயாக்கு ஒரு ரத்தமும் இல்ல மாமி.”

“அப்ப ரெண்டு பைக்கற்றுத் தாங்க தம்பி.”

கண் மருந்துக்குக் கீழே, சேலைக்கும் கீழே வைத்துப் பையை மூடினார். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி, “அக்காட்டச் சொல்லிப்போடாத மகள்,” என்றார்.

நான் தலையாட்டினேன். எனக்குப் பின்னால், வேலிப் பக்கமாகத் திரும்பி நின்று என் கணவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஓம் சின்னப் பெரியம்மா, கணவாய். ரெண்டு பைக்கற்று,” என்பது எனக்குத் தெளிவாகவே கேட்டது.