இடது கால் பதினாறு

துவைத்த சாக்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, குதிகால் பகுதியை இரண்டு விரலால் விரித்துப் பார்ப்பார் நோரீன் ஹாலிஸ். நூல் தேய்ந்திருப்பது பெருவிரலிலா, குதிகாலிலா, வெளி ஓரத்திலா என்று தெரிந்த பிறகுதான் ஜோடி சேர்ப்பார். "இவன் மறுபடியும் குதிச்சு ஒத்தக் கால்லயே வந்து எறங்குறான்," என்று சொல்லிக்கொள்வார். கேட்பதற்கு அங்கே உலர்த்தும் இயந்திரத்தைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

மார்லோ ஃபால்ஸ் கல்லூரியின் கூடைப்பந்து அரங்குக்குக் கீழே, ஜன்னல் இல்லாத உடுப்பறை அவருடையது. ஜெர்சி, ஷூ, துண்டு, கணுக்கால் பட்டை எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் ஆட்டக்காரர்களுக்குப் போகும். அறைக்கு அரைக்கதவு. அதற்கு மேலே ஒரு திறப்பு, சாதாரண மனிதர்களின் உயரத்துக்கு வெட்டியது. ஆறரை அடிப் பையன்கள் அதன் வழியே பேச வேண்டுமானால் முதுகை வளைத்துக் கும்பிடுகிற மாதிரி நிற்க வேண்டும். உயர்த்திக் கட்டித் தருகிறோம் என்று கல்லூரி இரண்டு முறை சொல்லிவிட்டது. நோரீன் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த ஊர்லயே இவனுங்க தல குனியுற எடம் இது ஒண்ணுதான். அது அப்படியே இருக்கட்டும்."

வயது ஐம்பத்தாறு. குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி. இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைத் தேடுவார். பதினொன்றரைக்கே மதியச் சாப்பாடு: மீன் வைத்த ரொட்டி, ஊறவைத்த வெள்ளரிக்காய் ஒன்று. பையன்கள் வாசனையைக் கிண்டல் செய்தால், "உங்க ஷூவுக்குள்ள மூக்க விட்டவ நான். எங்கிட்ட வாசனை பத்திப் பேசாதீங்கடா," என்பார். அத்தோடு வாய் அடைத்துவிடும்.

ஏப்ரல் வந்தால் நோரீனுக்கு வேலை இரட்டிப்பு. ஆட்டப் பருவம் முடிந்து, வேறு கல்லூரிக்கு மாறிப்போகிறவர்கள் இணையப் பட்டியலில் பெயர் கொடுக்கிற காலம் அது. போர்ட்டல் என்பார்கள். பெயர் ஏறியதும் நாடு முழுக்க உள்ள கோச்சுகளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதற்குப் பத்து நாள் முன்னாலேயே நோரீனுக்குத் தெரிந்திருக்கும். போகப்போகிறவன் முதலில் லாக்கரில் இருக்கும் தலையணையை எடுத்துப் போவான். அப்புறம் அம்மாவுக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று என்று கல்லூரிப் பெயர் போட்ட மேல்சட்டை கேட்பான். கடைசியில் மரியாதை வந்துவிடும். "'மிஸ் நோரீன், நல்லா இருக்கீங்களா'ன்னு ஒருத்தன் நின்னு கேட்டான்னா, அன்னிக்கே மனசுக்குள்ள அவன் லாக்கரைக் காலி பண்ணிடுவேன்."

தலைமைக் கோச் ராட்கே காப்பிக் கோப்பையோடு கீழே இறங்கி வந்து, துண்டு எண்ண வந்தவர் போல நிற்பார்.

"இந்த வாரம் யாரு, நோரீன்?"

"நான் என்ன ஜோசியக்காரியா, கோச்?"

"சரி, சும்மாதான் கேட்டேன்."

"ரெண்டு பேரு. ஒருத்தன் உங்களுக்குப் பிடிச்சவன்."

கோச் காப்பியைக் குடிக்காமலே மேலே போவார்.

இப்போதெல்லாம் ஆட்டங்கள் தொடங்கும் நவம்பர் வரை ஜெர்சியில் பெயர் தைப்பதில்லை. எண் மட்டும்தான். ஒரு வருடம் ஆகஸ்டிலேயே தைத்து வைத்து, செப்டம்பருக்குள் மூன்று பெயரைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அதற்காக அவர் மூக்கைச் சிந்துகிறவர் இல்லை. போகிறவன் எங்கே போகிறான், அங்கே எப்படிப் பொருந்துகிறான் என்று தெரிந்துகொள்வதில் அவருக்கு அடங்காத ஆவல். குளிர்காலம் முழுக்கத் தொலைக்காட்சியில் பழைய பையன்களின் ஆட்டம் ஒன்றையும் விட மாட்டார். பார்ப்பது கால்களை மட்டும். கணவர் வால்ட் சமையலறையிலிருந்து, "ஸ்கோர் என்ன?" என்று கேட்பார். "தெரியல. ஆனா இவனுக்கு இறுக்கமான ஷூவாக் குடுத்திருக்கானுங்க," என்று பதில் வரும்.

உடுப்பறைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. ஒரு பையன் மாறிப்போவது முடிவானால், புதுக் கல்லூரியின் உடுப்பறையிலிருந்து பழைய உடுப்பறைக்கு ஒரு தொலைபேசி வரும். மார்பு, இடுப்பு, காற்சட்டை நீளம், ஷூ, எந்தச் சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளாது, எந்தக் கணுக்காலுக்குப் பட்டை வேண்டும். இவ்வளவுதான் பேச்சு. ஏன் போகிறான் என்று கேட்கக் கூடாது. எப்படி ஆடுவான் என்று சொல்லக் கூடாது. அளவில் பொய் கூடவே கூடாது. ஒருமுறை மேற்கேயிருந்து ஒருவன் குத்துமதிப்பாக ஓர் அளவைச் சொல்லி, வந்த பையனுக்குப் பெருவிரல் நகம் கழன்று விழுந்தது. அந்த உடுப்பறைக்காரன் பெயரைச் சொன்னால் நோரீனுக்கு இன்றும் முகம் சிவக்கும்.

தெற்கே டென்னசிப் பக்கம் ஒரு பெரிய கல்லூரியில் லானி என்பவர் அதே வேலை பார்க்கிறார். பதினெட்டு வருடப் பழக்கம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. லானி நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் துணி மடிப்பது போலப் பேசுவார். போன ஏப்ரலில் அந்த லானியின் அழைப்புக்கு நோரீன் பயந்துகொண்டிருந்தார். காரணம், அங்கே மாறிப்போகவிருந்த கெட்ரிக் மோஸ்.

கெட்ரிக் ஃப்ளின்ட் ஊர்ப் பையன். ஆறடி எட்டு அங்குலம். அவன் அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பிப்ரவரியில் ஒருநாள் பயிற்சி தொடங்கும் முன் அவன் அரைக்கதவில் குனிந்து, இடது காலுக்கு மட்டும் ஓர் அளவு பெரிய ஷூ கேட்டான். உள்ளே கெட்டியான அட்டை ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்றான். அவ்வளவு பெரிய அளவுகளில் பதினைந்தரை போல அரை அளவு பெரும்பாலும் வராது; பதினைந்துக்கு அடுத்து பதினாறுதான். "டிரெயினர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மிஸ் நோரீன்." ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிப்பவர் டிரெயினர். அவர் இரண்டு பெட்டிகளைப் பிரித்து, வலது பதினைந்தும் இடது பதினாறும் எடுத்துக் கொடுத்தார். சொல்லவும் இல்லை. இன்னும் ஆறு ஆட்டம் இருந்தது, அணி ஜெயித்துக்கொண்டிருந்தது. "நானும் ஜெயிக்கணும்னுதான் நெனச்சேன். அதுதான் நெசம்," என்று வால்டிடம் பிற்பாடு ஒத்துக்கொண்டார். அந்த வாரங்களில் அவன் இடது சாக்ஸின் வெளி ஓரம் சல்லடையாகிக்கொண்டு வந்தது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கெட்ரிக் இரண்டு மூட்டையோடு வந்தான். போகிறவர்கள் கல்லூரிச் சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"மிஸ் நோரீன், நல்லா இருக்கீங்களா?"

"போர்ட்டல்ல பேரு குடுத்து ரெண்டு வாரம் ஆச்சு. இன்னும் என்னடா மரியாத? உள்ள வா, கண்ணு."

அவன் ஷூ பெட்டிகள் மீது உட்கார்ந்தான். முட்டி இரண்டும் காதை எட்டின. நோரீன் மூட்டையைப் பிரித்துத் துணிகளை ஒவ்வொன்றாக உதறினார்.

"லானின்னு ஒருத்தர் கூப்பிடுவாராமே," என்றான்.

"கூப்பிடுவாரு. இன்னிக்கோ நாளைக்கோ."

"ரெண்டு காலும் பதினஞ்சுன்னு சொல்லிடுங்க."

நோரீன் உதறுவதை நிறுத்தினார். "வலிக்குதா?"

"இல்ல."

"மாடிப்படியில?"

இடது காலை உள்ளே இழுத்துக்கொண்டான். "எறங்கறப்ப மட்டும்."

"அங்க டாக்டருங்க பாப்பாங்கடா."

"எங்க வலிக்குதுன்னு கேப்பாங்க. எங்கயும் இல்லன்னுவேன். இங்கயும் அதத்தான சொன்னேன்? ஷூ அளவு ஒண்ணுதான் காட்டிக்குடுக்கும்."

"ஒடைஞ்சா?"

"ஒடைஞ்சா அப்புறம் பாத்துக்கலாம். முன்னாடியே தெரிஞ்சு வேணான்னுட்டாங்கன்னா நான் எங்க போறது? இங்க என் நம்பரையே குடுத்தாச்சு." மேசைமேல் புதிதாக வரப்போகிற பையனுக்காக மடித்து வைத்திருந்த பன்னிரண்டாம் எண் ஜெர்சியைத் தாடையால் காட்டினான். "நீங்கதான மடிச்சு வெச்சீங்க."

பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் பழைய கல்லூரி இடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ராட்கே அந்த வாரமே வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். அதுவும் அந்த இடத்தின் நடைமுறைதான், யாரையும் குறை சொல்ல முடியாது.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்," என்றான் கெட்ரிக். "பஸ்ல வர்ற புள்ளைங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டாங்களாம். தெனம் காலையில, எம்மவன் டிவில வரப்போறான்னு."

மேசைத் தொலைபேசி அடித்தது.

"அம்மணி," என்றது லானியின் குரல், "உங்க வீட்டுப் புள்ள ஒண்ணு எங்க வீட்டுக்கு வருதாட்ட இருக்குது."

"வருது, லானி. எழுதிக்கோ." நோரீன் மார்பளவு சொன்னார், காற்சட்டை நீளம் சொன்னார், எலுமிச்சை மணம் போட்ட சோப்புத்தூள் பட்டால் கழுத்தில் தடிப்பு வரும் என்றார். மறுமுனையில் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. கெட்ரிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஷூ, அம்மணி?"

பதினெட்டு வருடத்தில் அந்தக் கேள்விக்கு நோரீன் ஒரு நொடிகூடத் தாமதித்ததில்லை. பதினைந்து என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பிப்ரவரி வரை அதுதான் சரியான அளவு. யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

"ஒரு நிமிசம் இரு, லானி. எங்கிட்ட இருக்குற அளவு பழசு."

ரிசீவரை மேசைமேல் மல்லாக்க வைத்தார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து கால் அளக்கும் தகட்டை இழுத்தார். செருப்புக் கடைகளில் இருக்கிற, நகரும் கட்டை வைத்த எஃகுத் தகடு. முட்டி அறுவைக்குப் பிறகு அவர் தரையில் உட்கார்ந்ததே கிடையாது. ஒரு கையால் அலமாரியையும் மறு கையால் கெட்ரிக்கின் தோளையும் பிடித்து, முனகிக்கொண்டே இறங்கி உட்கார்ந்தார்.

"கழட்டு."

அவன் வலது ஷூவைக் கழற்றினான்.

"அது எனக்குத் தெரியும்டா."

"வேணாமே, மிஸ் நோரீன்." குரல் உள்ளே போயிருந்தது.

"நான் பதினஞ்சும் சொல்லப்போறதில்ல, பதினாறும் சொல்லப்போறதில்ல. பிப்ரவரில உனக்காக வாய மூடிக்கிட்டேன். அது பெரிய தப்பு, என் தப்பு. அதயே ரெண்டாந்தரம் செய்யச் சொல்லாத." "உங்காலு. நீ சொல்லு. பதினஞ்சுன்னு சொன்னாலும் நான் மறுத்துப் பேச மாட்டேன்."

கெட்ரிக் இடது ஷூவின் கயிற்றை அவிழ்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டான். சாக்ஸை உருவியபோது பாதத்தின் வெளி ஓரம் சிறுவிரலிலிருந்து பாதி தூரம் வரை உப்பி, தோல் மின்னியது. தகட்டில் வைத்தான். நோரீன் கட்டையை நகர்த்திக்கொண்டே வந்து, வீக்கத்தைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்தினார். இருவரும் எண்ணைப் பார்த்தார்கள்.

"அம்மணி? இருக்கறீங்களா?" மேசைமேல் இருந்து லானி கூப்பிட்டார்.

நோரீன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்பியைப் பிடித்து இழுத்து, ரிசீவரைத் தன் காதுக்குக் கொண்டுபோகாமல் மேலே நீட்டினார். அவன் வாங்குகிறவரை கை இறங்கவில்லை.

"சார்," என்றான் கெட்ரிக். "நான் கெட்ரிக் மோஸ் பேசுறேன். வலது பதினஞ்சு, சார். இடது பதினாறு. வீங்கியிருக்கு. ரெண்டு மாசமா."

மறுமுனையில் பென்சில் நின்றுவிட்டது. லானி என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க நோரீன் தலை நிமிரவில்லை. சில்லென்றிருந்த அந்தத் தகட்டிலிருந்து பையனின் இடது காலை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.