டயர் தேஞ்சு போகும்டா

என் மகனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மதுரையில் ஒரு ஆபீசில் வேலை. முன்மண்டையில் முடி இல்லை. பின்மண்டையில் இருப்பதை முன்னால் இழுத்துவிட்டு ஊரை ஏமாற்றுகிறான். இப்பேர்ப்பட்ட ஆள் போன ஆடியில் ஒரு சாயங்காலம் டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு எலும்புக்கூட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். சக்கரம் இருந்தது, டயர் இல்லை. பெடல் ஒரு பக்கம்தான். மற்றபடி தலை முதல் கால் வரை துரு.

"என்னய்யா, ஆரு வீட்டுக் கேதம்?" என்று கேட்டேன்.

"எம்மா, கியர் சைக்கிள்மா!"

அவன் மகள் பிறந்த அன்றைக்குக்கூட அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பழைய இரும்புக் கடையில் கிடந்ததாம். கண்டக்டர் மட்டும், "உசுரோட இருந்தா டிக்கெட்டு, செத்துருச்சுன்னா லக்கேஜு. இது எதுலண்ணே சேத்தி?" என்று கேட்டாராம்.

சத்தம் கேட்டு மருமகள் வெளியே வந்தாள். இடுப்பில் கை வைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

"அடுப்படிக்கு டைல்ஸ் போடச் சொல்லி எம்புட்டு வருசமாச் சொல்றேன். இந்தத் துருவத் தூக்கிட்டு வந்து நிக்கிறீக."

"டைல்ஸ் எங்கயும் ஓடிறாது. இது ஓடும்."

"ஓடுறது இருக்கட்டும். மொதல்ல நிக்குதான்னு பாருங்க" என்றாள். அவன் கையை எடுத்தான். அது மடாரென்று சாய்ந்து என் செம்பருத்திச் செடியை ஒடித்தது.

இந்தக் கிறுக்கு இவனுக்கு எட்டாவது படிக்கும்போது பிடித்தது. எங்கள் ஊர் அலங்காநல்லூர் பக்கம். ரைஸ்மில்காரர் மகனும் இவனும் ஒரே பெஞ்சு. அந்தப் பையனுக்கு அவன் அப்பா ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ரத்தச் சிவப்பு, அதில் மஞ்சள் கோடு. டயர் முதலை முதுகு மாதிரி தடித்தடியாக இருக்கும். ஹேண்டில்பாரின் ரெண்டு முனையிலும் மாட்டுக்கொம்பு போல ரெண்டு கம்பி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மலையேறுகிற சைக்கிளாம். எங்கள் தெருவில் மலைக்கு எங்கே போவது? மில்லுக்குப் பக்கத்தில் கொட்டிக் கிடக்கும் உமிக் குவியல்தான் இருப்பதிலேயே உயரம்.

சாயங்காலமானால் அந்தப் பையன் பறந்து வந்து எங்கள் வீட்டுக்கு எதிரே சடாரென்று பிரேக் போடுவான். பின்சக்கரம் அரை வட்டம் அடித்து நிற்கும். நான் புடைத்துக்கொண்டிருக்கும் அரிசியில் பாதி புழுதியாகும். என் மகன் பாய்ந்து ஓடுவான்.

"மாப்ள, ஒரே ஒரு ரவுண்டுடா."

"டயர் தேஞ்சு போகும்டா."

வருஷம் பூராவும் அதே கேள்வி, அதே பதில். ஓட்டத்தான் தர மாட்டான். துடைக்கத் தருவான். அவன் கடைக்கு மிட்டாய் வாங்கப் போகும்போது பிடித்துக்கொண்டு நிற்கத் தருவான். இவன் நிற்கிற நிலையைப் பார்த்தால் சாமி சப்பரத்தைத் தாங்கி நிற்கிற மாதிரி இருக்கும்.

நானும் என் வீட்டுக்காரரும் அப்போது அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தோம். எங்களிடம் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அவன் அப்பாவின் கறுப்பு சைக்கிளில் ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு ஒரு பைப் துண்டைக் கட்டினான். கொம்புக்கு என்ன செய்வது? ரெண்டு முனையிலும் ரெண்டு வாழைக்காயைக் கயிற்றால் கட்டிவிட்டான். நேராகப் போய் வாய்க்காலில் விழுந்தான். அடிப்பதற்குக் கை ஓங்கிப் போன மனுஷன், தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த வாழைக்காயைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் வாழைக்காய்ப் பொரியல்.

இப்போது அவர் இல்லை. மில்லுக்காரர் மகன் மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் பெரிய காரில் வந்து இறங்குவான், கூடவே அவன் தொப்பையும் இறங்கும். நல்ல பிள்ளைதான். என்னைப் பார்த்தால், "அத்தே, இன்னும் சாகாமத்தான் இருக்கியா?" என்று வாய் நிறையக் கேட்பான். "நீ வாங்கித் தாரேன்னு சொன்ன சீலை இன்னும் வரலையேப்பா" என்பேன்.

என் மகன் அந்த எலும்புக்கூட்டோடு குடும்பம் நடத்தத் தொடங்கினான். ஆபீஸ் விட்டு வந்ததும் கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மகளின் போனை வாங்கி வீடியோ பார்த்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றினான். ஒருநாள் காலையில் மருமகள் இட்லிக் கொப்பரையைத் திறந்தாள். உள்ளே புளித்தண்ணீரில் பல்சக்கரங்கள் ஊறிக்கொண்டிருந்தன.

"அத்தை! ஒங்க மகன் என்ன காரியம் பண்ணிருக்காருன்னு வந்து பாருங்க!"

எட்டிப் பார்த்தேன். "கல்லு மாதிரி இருக்கே. நீ நேத்து ஊத்துன இட்லியா?" என்றேன். அன்றைக்கு எனக்குக் காப்பி கிடைக்கவில்லை.

புளி நன்றாகத்தான் வேலை செய்தது. துரு போய் வெள்ளை வெளேரென்று வந்தன. ஆனால் எல்லா ஜாமானும் புளிக்குக் கட்டுப்படுமா? கியரை மாற்றுகிற லீவர் எங்கேயும் கிடைக்கவில்லை. டவுனில் சைக்கிள் கடைக்காரர், "அண்ணே, இதுக்கு அலையறதுக்குப் புதுசே வாங்கிட்டுப் போயிரலாம்ணே" என்றாராம். "புதுசு வேணாம்ணே, அந்தச் சைக்கிள்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு இவன் அலைந்தான். கடைசியில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் மாடிப்படிக்கு அடியில் அதே மாதிரி சைக்கிள் ஒன்று கிடந்தது. எந்தக் காலத்திலோ யாரோ விட்டுவிட்டுப் போனது. வாட்ச்மேன் அதில்தான் தன் வேட்டியைக் காயப்போடுவார். கொடுக்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். இவன் போய் துணி காயப்போடுகிற மடக்கு ஸ்டாண்டு ஒன்று வாங்கிவந்து அவர் முன்னால் விரித்து வைத்தான். லீவர், பிரேக், ரெண்டு கொம்பு எல்லாம் வீடு வந்து சேர்ந்தன.

கார்த்திகையில் பெயிண்ட் அடித்தான். ரத்தச் சிவப்பு, மஞ்சள் கோடு.

"எனக்குச் செவப்புச் சீலை கேட்டப்ப கண்ணு கூசுதுன்னாரு" என்றாள் மருமகள், என்னிடம் சொல்வது போல அவனிடம்.

நான் ஒருநாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சொல்லுய்யா. இம்புட்டும் எதுக்கு?"

சொல்ல வெட்கப்பட்டான். பிறகு திருகாணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மாட்டுப் பொங்கலன்னைக்கு அவென் வீட்டு வாசல்ல சேர் போட்டு ஒக்காந்திருப்பான். நான் போயி அவன் முன்னாடி பிரேக்கப் புடிச்சு நிக்கணும். அவன் போட்ட மாதிரியே. அவனா ஒரு ரவுண்டு கேக்கணும்மா. அம்புட்டுதான்."

"கேட்டா குடுப்பியா?"

"அது அப்பப் பாத்துக்கிறலாம்."

அதனால் பிரேக்தான் அவனுக்கு உயிர். சக்கரத்தின் வளையத்தை, அதாவது ரிம்மை, ரெண்டு பக்கமும் ரப்பர் கட்டை கவ்விப் பிடித்தால்தான் வண்டி நிற்கும் என்று எனக்கே பாடம் நடத்தினான். புது ரப்பர் போட்டான். நெல் அடிக்கிற களத்தில் கோடு கிழித்து வைத்துக்கொண்டு, மார்கழிப் பனியில் வந்து வந்து பிரேக் போட்டுப் பழகினான். முதலில் கோட்டைத் தாண்டினான். அப்புறம் கோட்டிலேயே நின்றான். அப்புறம் பின்சக்கரம் அரை வட்டம் அடித்தது. மருமகள் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாகப் போனாள். குழாய் இருப்பது இந்தப் பக்கம்.

மாட்டுப் பொங்கல் வந்தது. காலையிலேயே எங்கள் பசுவைக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி, விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள் மருமகள். எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகுதான் எங்கள் பக்கம் மாட்டுக்குப் பொட்டும் மாலையும். சிவப்புச் சைக்கிளும் கழுவிக் காய்ந்து ஓரமாக நின்றது. அதற்கும் கொம்பு இருக்கிறதே, என் வாய் சும்மா இருக்குமா?

"ஏத்தா, வீட்டுல இன்னொரு மாடு நிக்குது பாரு. ஒம் புருசன் ஆசையா வளத்த காளை. அதுக்கு மட்டும் எண்ணெ கெடையாதாக்கும்?"

"போங்கத்தை, ஒங்களுக்கு வேற வேலையில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் தெரு பூராவும் மாடு. கலர் அடித்த கொம்பு, கழுத்தில் சலங்கை. ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. மில்லுக்காரர் மகன் எதிர்பார்த்தபடியே, மில்லை ஒட்டிய தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். நானும் மருமகளும் தற்செயலாக அங்கே போய் நின்றோம். எங்கள் வீட்டுக்கும் மில்லுக்கும் இடையே தெரு ஒரே நேர்கோடு. எங்கேயும் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

வந்தான். புதுச் சட்டை, இழுத்துவிட்ட முடி. கியர் டக் டக்கென்று மாறியது. கொம்பில் சாமந்தி மாலை. யார் கட்டினார்கள் என்று நான் மருமகளைப் பார்த்தேன், அவள் வானத்தைப் பார்த்தாள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். மில்லுக்காரர் மகன் தலையைத் தூக்கினான். என் மகன் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே ரெண்டு பிரேக்கையும் ஒருசேரப் பிடித்தான்.

சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது.

மறுபடி பிடித்தான். காலை ஊன்றினான். செருப்பு ஒன்று கழன்று தனியாக நின்றது. வாடிவாசலைத் தாண்டிய காளை மாதிரி சேரைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, நேராக உமிக் குவியலுக்குள் புகுந்தான். பொன் நிறத்தில் ஒரு புகை எழும்பியது. அது அடங்கியதும் பார்த்தால் மகனும் இல்லை, சைக்கிளும் இல்லை. ரெண்டு கொம்பும் சாமந்தி மாலையும்தான் வெளியே தெரிந்தன.

"டேய் மாப்ள! உசுரோட இருக்கியாடா?" மில்லுக்காரர் மகன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கையை விட்டுத் துழாவி இவனை வெளியே இழுத்தான். ஒரு கீறல் இல்லை. காது, மூக்கு, அந்தப் பொக்கிஷமான முடி எல்லாவற்றிலும் உமி.

"பிரேக்கு..." என்றான் என் மகன், உமியைத் துப்பிக்கொண்டே. "காலைலகூட நல்லா நின்னுச்சுடா."

மில்லுக்காரர் மகன் சக்கரத்தைத் தடவி விரலை மோந்து பார்த்தான். "என்னடா இது, வெளக்கெண்ணெ?"

எல்லோரும் திரும்பினோம். மருமகள் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"மாட்டுக்குத் தேச்சது போக மிச்சம் இருந்துச்சு" என்றாள். "ஆசையாச் செஞ்சீகளே, பளபளன்னு இருக்கட்டும்னு... வளையத்துக்கு மட்டும்தான் தேச்சேன்."

"ரெண்டு வளையத்துக்குமா?"

"ரெண்டுக்குந்தான்."

திட்டப்போகிறான் என்று நினைத்தேன். இடையில் விழுந்து என் தலையைக் கொடுக்கலாம் என்றுகூட ஒரு அடி எடுத்து வைத்தேன். அவன் அவளையே பார்த்தான். அவள் கண் கலங்குவதற்குள் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க மூக்கிலிருந்து உமி பறந்தது.

அதற்குள் மில்லுக்காரர் மகன் சைக்கிளை நிமிர்த்தி, மேலே ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டான். சிவப்பு தெரிந்தது. மஞ்சள் கோடு தெரிந்தது. கொம்பைப் பிடித்துப் பார்த்தான். அந்த மூஞ்சியில் தொப்பைக்காரன் போய் எட்டாவது படிக்கிற பையன் வந்துவிட்டான்.

"டேய், இது என் சைக்கிள் மாதிரியே இருக்கேடா." சீட்டைத் தடவினான். "மாப்ள, ஒரே ஒரு ரவுண்டுடா."

என் மகன் வாயைத் திறந்தான். இத்தனை வருஷம் காத்திருந்த வாய். உமி அடைத்துக்கொண்டு சத்தம் வரவில்லை.

"டயர் தேஞ்சு போகும்ணே" என்றாள் மருமகள்.

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். மில்லுக்காரர் மகன் முதலில் முழித்தான். அப்புறம் ஞாபகம் வந்தது. காது வரைக்கும் சிவந்துபோய் என் மகன் தோளைப் பிடித்துக்கொண்டான். "அதையாடா இன்னும் வச்சிருக்க?"

"அட ஓட்டுடா மாப்ள" என்றான் இவன், தொண்டையைச் சரிசெய்துகொண்டு. "இரு, எண்ணெயத் தொடச்சுத் தாரேன்."

சேரில் கிடந்த துண்டை எடுத்து ரொம்பப் பொறுப்பாகத் துடைத்தான். அவன் துடைத்தது சக்கரத்தின் நடுவில் இருக்கிற கம்பிகளை. வளையத்தைத் தொடவே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. எனக்கு வயசாகிவிட்டது, கண் சரியாகத் தெரியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படியே இருந்துகொண்டேன்.

மில்லுக்காரர் மகன் ஏறி உட்கார்ந்தான். சைக்கிள் முனகியது. தெருக்கோடி வரை போய்த் திரும்பினான். மாடுகளை ஒதுக்கிக்கொண்டு, "டேய், பறக்குதுடா!" என்று கத்திக்கொண்டே வந்தான். மில் வாசல் நெருங்கியது. பிரேக்கைப் பிடித்தான்.

"மாப்ள! நிக்கல! நிக்க மாட்டேங்குதுடா!" காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே எங்களைக் கடந்தான்.

நாங்கள் உமிக் குவியலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றோம். என் மகன் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப அன்பாகச் சொன்னான்:

"கால ஊனாதடா. செருப்பு தேஞ்சு போகும்."