விழுந்து பழகுதல்

டாக்டர் என் இடது கால் கட்டைவிரலை ஊசியால் குத்தியபோது, அவர் இன்னும் தொடங்கவில்லை என்றுதான் நினைத்தேன். "குத்தியாச்சு சார்," என்றார்.

முதுகுத்தண்டில் அடிபட்டு இதைப் படுத்தபடி படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று. நான் விதிமுறைகளின் ஆள். முப்பத்து நான்கு வருடம் ஹெலிகாப்டர் ஓட்டினேன்; கடைசிப் பத்து வருடம் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். என் எஞ்சின் ஒரு முறைகூட வானத்தில் நின்றதில்லை. நின்றால் எப்படி இறங்குவது என்று பழக்கும்போதுதான் விழுந்தேன். எங்கள் தொழிலில் இது அபூர்வமுமில்லை.

பயிற்சி இதுதான். எஞ்சினை வேண்டுமென்றே அடக்கிவிட்டு இறங்க வேண்டும். கீழிருந்து எதிர்த்து வரும் காற்றே மேலே உள்ள விசிறியைச் சுழற்றும். தரையை நெருங்கியதும் இடப்பக்க நெம்புகோலைத் தூக்கினால் அந்தச் சுழற்சி நம்மைத் தாங்கி இறக்கும். தாங்குவது ஒரே ஒரு முறை. பயிற்சிக்கு வந்த பிரபு மூன்று ஆள் உயரத்திலேயே தூக்கிவிட்டான். "கையை விடு" என்றேன். விடவில்லை. ஒன்றரை விநாடியில் சுழற்சி தீர்ந்து தரையில் மோதினோம்.

அவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. எனக்கு பர்ஸ்ட் ஃப்ராக்சர் (மேலிருந்து வரும் அழுத்தத்தில் முள்ளெலும்பு நொறுங்கிச் சிதறுவது). எட்டுத் திருகுகள், இரண்டு கம்பிகள். கத்தீட்டரோடு (சிறுநீரை வடிக்கும் குழாய்) வரிச்சிக்குடி வீட்டுக்கு வந்தேன்.

"நரம்பு அது இஷ்டத்துக்குத்தான் சார் வரும். புடிமானமில்லாம நடப்பீங்களான்னு ஒரு வருஷத்துல தெரிஞ்சிடும்," என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

குழாய் ஆறாவது வாரம் போயிற்று. பயம் போகவில்லை. கட்டிலிலிருந்து எழுவதற்குப் பதினோரு படிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தினமும் காலையில் கட்டைவிரலை நானே குத்திப் பார்த்தேன். நேற்றைவிட மரத்திருக்கிறதோ என்று மறுபடியும் குத்தினேன்.

எட்டாவது மாதம் வாக்கரை (நான்கு கால் நடைச்சட்டம்) பிடித்து நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் விழிதியூரிலிருந்து ஸ்கூட்டியில் வரும் பிசியோதெரபிஸ்ட் கயல்விழி மெத்தைகள் இரண்டைத் தரையில் போடச் சொன்னார். "வாக்கர விடணும்னா மொதல்ல விழப் பழகணும் சார்."

"பழகித்தாம்மா இந்த நிலைமை."

என் மனைவி சுந்தரி சிரித்தாள். "வானத்துலேருந்து விழுந்தவங்க, மெத்தையில விழப் பயப்படுறாங்க பாரு கயலு."

ரத்த அழுத்தம், மழை, திருகு வலி என்று மூன்று வகுப்புகளைத் தள்ளிப்போட்டேன். நான்காவதற்குக் காரணம் கிடைக்கவில்லை.

முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் சாய வேண்டும். தோள் படிய விழ வேண்டும். "நான் சொன்ன ஒடனே என் கைய விட்டுடுங்க." அவர் சொன்னதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னேன், தொழில் பழக்கம்.

சாய்ந்தேன். தரை மேலே வந்தது. "விடுங்க சார்!" தெளிவாகக் கேட்டது. கை விடவில்லை. அது என் கையாகவே இல்லை. இருவரும் விழுந்தோம்.

"கால அசைங்க! அய்யோ, அசைங்க!" சுந்தரியின் குரல். கட்டைவிரல் அசைந்தது. கயல்விழி தன் மணிக்கட்டைத் தடவினார். "நாலு விரலும் பதிஞ்சிருக்கு சார். நல்ல பிடி."

விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தேன். எட்டு மாதமாக விபத்து விசாரணைக் குழுவிடமும் உறவினரிடமும் ஒரே வாக்கியம்தான் சொல்லிவந்தேன்: விடச் சொன்னேன், அவன் விடவில்லை. பொய்யில்லை. பிரபு சீக்கிரமே நெம்புகோலைத் தூக்கப்போகிறான் என்பது எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. அவனாகத் திருத்திக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.

பிரபு ஞாயிறுதோறும் போன் செய்வான், சுந்தரிதான் பேசுவாள். அந்த ஞாயிறு போனுக்கு நான் கையை நீட்டினேன்.

"சார்... கால் எப்படி சார் இருக்கு?"

"கால் இருக்கட்டும். நான் சொன்னதே லேட்டுப்பா. விசாரணைக்கும் எழுதி அனுப்பிட்டேன்."

அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

அதன் பிறகு பதினேழு முறை மெத்தையில் விழுந்திருக்கிறேன். இப்போது ஒரு கைத்தடியோடு வயல் வரப்பு தொடங்கும் இடம்வரை போகிறேன். பயம் கூடவே வருகிறது. இடது பாதம் தரையைத் தொட்ட செய்தி எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. அது வரும்வரை அடுத்த அடி வைப்பதில்லை.