எங்கள் படத்துத் திருடன், ஏழுமலை அண்ணன்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை எண்ணூரில் ஒரு கம்பெனி டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கும்போது கயிறு அறுந்து... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. நான் எடுத்த ஒரே படத்தில், ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்து நோட்டம் விட்டுத் திருடுவாரே... அவர்தான்.

கொருக்குப்பேட்டைக்காரர். பெயிண்டர். ஸ்டண்ட் ஆள் வைக்க எங்களுக்கு வசதியில்லை. காலடிப்பேட்டையில் லொகேஷன் பார்க்கப் போனபோது, மூன்றாவது மாடியில் ஒரு கையால் பைப்பைப் பிடித்தபடி போன் பேசிக்கொண்டிருந்தார்.

"நடிக்கிறீங்களாண்ணே?" கீழேயிருந்து கத்தினேன்.

"இன்னா வேஷம்?"

"திருடன்."

"கொலைகிலை ஒண்ணும் இல்லியே? அப்ப வரேன்."

பகலில் கறுப்புத் துணி கட்டி இரவு மாதிரி எடுத்தோம். வீட்டுக்குள் தலை துவட்டும் பெண்ணை அவர் ஒளிந்து பார்க்க வேண்டும். டேக் மேல் டேக் போனது. அவர் சுவரையே பார்த்தார்.

"அண்ணே, பொண்ணைப் பாருங்க!"

"என்னால ஆவாது டைரக்டரே. அதுக்கு என் பொண்ணு வயசு. அத்த அனுப்பிட்டு அங்க ஒரு பக்கெட்டு வை. அதப் பாக்கறேன்."

பக்கெட்டைத்தான் பார்த்தார். படம் பார்த்தவர்கள் மிரண்டது அந்தப் பார்வைக்குத்தான்.

படம் தியேட்டரில் ஓடவில்லை. அந்த ஒரு சீன் மட்டும் போன் போனாகச் சுற்றியது. "உஷார், இவன் நம்ம ஏரியா" என்று எவனோ அடியில் எழுதிவிட்டான்.

கொஞ்ச நாளில் டோல்கேட் பக்கம் ஒரு வீட்டில் நகை போனது. அண்ணனை அள்ளிக்கொண்டு போனார்கள். லேப்டாப்போடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். முழுப் படத்தையும் போட்டுக் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

வெளியே வந்தவருக்கு உதடு கிழிந்திருந்தது.

"படம் நல்லாருக்குன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார்.

உண்மையான திருடன் பிறகு சிக்கினான். அந்தச் செய்தி எந்த போனிலும் சுற்றவில்லை.

வீடுகளில் பெயிண்ட் வேலைக்கு அவரைக் கூப்பிடுவது நின்றுபோனது. "லேடீஸ் இருக்கற வூடுப்பா, வேணாம்" என்று பழைய மேஸ்திரியே சொல்லிவிட்டாராம். அப்படித்தான் கம்பெனி வேலைக்குப் போனார். டேங்க், புகைபோக்கி...

"அங்க ஜன்னலே கிடையாது டைரக்டரே. பேஜாரே இல்ல." போனில் சொன்னார். ஸாரி சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் போனபோது தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். எங்கள் போஸ்டரில் இருந்த அதே முகம். ஜன்னல் கம்பியை மட்டும் வெட்டியிருந்தார்கள். கண் அப்படியே...

அவர் மனைவி கலா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன்னாண்ட வேற போட்டோ எதுனா கீதா, தம்பி? இந்த மூஞ்சோட அவர அனுப்ப வேணாம்."

பழைய ஹார்ட் டிஸ்க்கை முழுக்கத் தேடினேன். கிளாப் அடிக்கும் முன்னால் கேமரா தானாக ஓடிய நாலு செகண்ட் கிடைத்தது. வாய் நிறைய பஜ்ஜி. யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். கொஞ்சம் ஷேக்.

இன்று காலை பேனரை மாற்றிவிட்டோம். கலா அக்கா கீழே நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "இது அவரு" என்றார்.

மதியம் மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். படத்தில் வேலை செய்தவர்கள் வந்துவிடுங்கள்.

ஸாரிண்ணே... போய் வாங்க.