திலகவதி சொன்ன ஒரு பொய்

நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு கேள்வி உண்டு. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் ஆனவர் யாராக இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். "காத்து பிரிஞ்சுதா?" குடல் மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆண்கள் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார்கள். பெண்களிடம் பதில் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

திலகவதிக்கு நாற்பத்தாறு வயது. சேவூர்க்காரர். அவரும் கணவர் தனசேகரனும் ஆளுக்கொரு பட்டுத்தறியில் நெய்கிறவர்கள். கூடத்தைத் தறிகளே எடுத்துக்கொண்டதால் மாமனார், கொழுந்தன், சரக்கு பார்க்க வருகிறவர் எல்லார் முன்னாலும்தான் இருபத்தைந்து வருடக் குடித்தனம். யார் காதிலும் விழாமல் இருமக்கூட அவருக்குத் தெரியும். மகள் சிவசங்கரியின் நிச்சயதார்த்த சமயத்தில் வந்த வயிற்று வலியை வாயு என்று சொல்லி, மூன்று நாள் ஓமத் தண்ணீரிலேயே ஓட்டினார். குடல்வால் வெடித்த பிறகுதான் எங்களிடம் வந்தார். டாக்டர் வயிற்றை நடுவில் திறந்து, சீழைக் கழுவித் தைத்தார்.

மறுநாளே மாப்பிள்ளையின் அப்பா மாணிக்கவேல் கண்ணமங்கலத்திலிருந்து வந்துவிட்டார். மரியாதை தெரிந்த மனிதர், அதுதான் தொல்லை. முதல் பஸ்ஸில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டார். திலகவதி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கட்டைபோலக் கிடந்தார். ஒரு பக்கம் குளுக்கோஸ், ஒரு பக்கம் சிறுநீர்க் குழாய், எதிரே சம்பந்தி. புரண்டு படுக்கவும் வழியில்லை, முனகவும் வழியில்லை. "வலிக்குதாம்மா?" என்று கேட்டால் "பரவால்லைங்க" என்பார். நானும் ஊசியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

மூன்றாம் நாள் டாக்டர் வார்டே கேட்கும்படி அந்தக் கேள்வியைக் கேட்டார். மாணிக்கவேல் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆச்சுங்க," என்றார் திலகவதி.

ஆகவில்லை. இல்லை என்றால் மேலே மேலே கேட்பார்களே, பேச்சு அதோடு முடியட்டும் என்று சொல்லிவிட்டாராம். நான் அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டேன். திரையை இழுத்துவிட்டுத் தனியாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, என் தப்புதான்.

கஞ்சி கொடுத்தோம். மதியம் இட்லி கொடுத்தோம். மாலைக்குள் வயிறு ஊதிப்போய், பச்சை பச்சையாக வாந்தி. மூக்கு வழியாகக் குழாய் விட்டோம். மறுநாள் காலையில் டாக்டர் முகம் சரியில்லை.

"நேத்து பிரிஞ்சது இன்னிக்கு நின்னு போச்சுன்னா உள்ள குடல் முறுக்கியிருக்கலாம், தையல் விட்டிருக்கலாம். வேலூருக்கு அனுப்பறேன். திரும்பத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்."

தனசேகரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மாணிக்கவேல் எழுந்தார். "சம்பந்திம்மா, ஒண்ணும் பயப்படாதீங்க. தம்பியாண்ட கார் எடுத்தாரச் சொல்றேன், ஜல்தியா போயிடலாம்."

இரண்டாம் தடவை வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள். அதை நிறுத்த திலகவதி ஒருவரால்தான் முடியும். நிறுத்த வேண்டுமானால் இந்த மனிதர் எதிரே வாயைத் திறக்க வேண்டும். நான் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட தனசேகரன் குனிந்தார்.

"இருங்க." மூக்குக் குழாயோடு குரல் கரகரத்தது. "பொய் சொல்லிட்டேன் டாக்டர். ஒரு வாட்டிகூட பிரியல. அண்ணன் எதிர்ல சொல்ல வெக்கமா இருந்துச்சி."

அதோடு நிற்கவில்லை. "வலி பரவால்லைன்னதும் பொய்ங்க. நாலு நாளா உசுரு போவுதுங்க. என்னால முடியல." வாய்விட்டு அழுதார். தன் மனைவி இப்படி அழுது பார்த்ததே இல்லை என்று தனசேகரன் பிறகு என்னிடம் சொன்னார்.

டாக்டர் மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. "அப்ப குடல் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம்," என்றவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து வலி ஊசியை நேரம் தவறாமல் போட்டேன். வலி அடங்கியதும், அசையாமல் கிடந்த மனுஷி என் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார்.

மறுநாளும் மாணிக்கவேல் வந்தார். ஸ்டூலை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பதினொரு மணி இருக்கும்.

"அண்ணா, நர்ஸாண்ட போயி சொல்லுங்க, பிரிஞ்சிடுச்சின்னு!"

பன்னிரண்டு கட்டிலுக்கும் கேட்டிருக்கும். மாணிக்கவேல் வேகமாக என் மேஜைக்கு வந்தார். அங்கே நாங்கள் மூன்று பெண்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மடித்தார், மறுபடி போட்டுக்கொண்டார். எனக்கு எல்லாம் காதில் விழுந்துவிட்டது. ஆனாலும் விடுவதாயில்லை.

"வாயால சொன்னாத்தாங்க எழுதுவேன்," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எங்க சம்பந்திம்மாவுக்குக் காத்து பிரிஞ்சிடுச்சிம்மா," என்று சத்தமாகவே சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே நின்று அழுதார்.