மழைக்கால ஷூவும் மாப்பிள்ளை வீட்டாரும்

எங்கள் அப்பாவுக்கு எதிரிகள் என்று யாரும் கிடையாது. அவருடைய ஷூவுக்குத்தான் நாங்கள் குடியிருந்த ஹேடோ குவார்ட்டர்ஸ் முழுக்க எதிரிகள். கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டியில் சரக்கு இறக்கும் இடத்தில் அவருக்கு வேலை. முன்னால் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். மே மாதம் பிடிக்கிற மழை, எங்கள் ஊர்ப் பேச்சில் பாரிஷ், எங்கள் தீவில் லேசில் விடாது. தீபாவளிக்கு வெடி வெடிக்க வேண்டுமென்றால்கூட வானத்தைக் கெஞ்ச வேண்டும். அத்தனை மாதமும் அந்த ஷூ காய்ந்ததாக யாரும் பார்த்ததில்லை. வேலை முடிந்து அப்பா படியேறுவதற்கு முன்னால் அதன் நாற்றம் படியேறிவிடும். வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே நான் “அப்பா வந்தாச்சு” என்று சொல்லிவிடுவேன்.

இதெல்லாம் பழகிப்போன விஷயம்தான். அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அந்த ஷூ குடும்பப் பிரச்சினையாகப் பதவி உயர்வு பெற்றது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை. முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். வந்த வரன்களை எல்லாம் அவள் ஏன் தட்டிக் கழித்தாள் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. கடைசியாக வந்தவர் நல்ல சம்பளக்காரர், ஆள் போன பிறகும் அவர் பூசியிருந்த சென்ட் எங்கள் ஹாலில் ஒரு நாள் தங்கியிருந்தது. அவரையும் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டு அம்மா துளைத்தெடுத்ததும், “அவ்வளவு நேரம் பேசினாரே அண்ணி, அதுல ஒரு தப்பாச்சும் அவரோடதுன்னு சொன்னாரா?” என்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அம்மா பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. தப்பே செய்யாத ஆள் கிடைத்தால் நல்லதுதானே!

இந்த முறை அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை கராச்சர்மாவில் இருக்கிறார், தீவுகளுக்கு நடுவே ஓடும் போட்டில் இஞ்சின் ரூமில் வேலை, நம்ம ஆட்கள். இதுவும் தட்டிப்போனால் இனி மெயின்லேண்டில்தான் பார்க்க வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குத் தலை பின்னி விடுவதும், கணக்கு சொல்லித் தருவதும், ராத்திரி இடி இடித்தால் காதைப் பொத்துவதும் அத்தைதான். கராச்சர்மா என்றால் டவுன் பஸ் ஏறினால் போய்விடலாம். மெயின்லேண்ட் என்றால் நாள் கணக்கில் கப்பல். அம்மாவின் ஊருக்குப் போனபோது அந்தக் கப்பலில் போகும்போதும் வரும்போதும் வாந்தியெடுத்தவள் நான். அத்தையைப் பார்க்க அப்படி எத்தனை தடவை போக முடியும்? அதனால் இந்த மாப்பிள்ளை அமைய வேண்டும் என்று வீட்டிலேயே அதிகமாக வேண்டிக்கொண்டது நானாகத்தான் இருக்கும்.

வேண்டுதலைச் சாமியிடம் விட்டுவிட்டு அம்மா ஷூவைக் கையில் எடுத்தாள். எங்களுடையது தரைத்தள வீடு, சின்ன வராண்டா, அதை ஒட்டி ஹால். வராண்டாவில் கழற்றிப் போடுவது எதுவாக இருந்தாலும் அதன் வாசனைக்கு ஹாலில் பங்கு உண்டு. முதலில் ஆப்பசோடாவை உள்ளே தூவி ராத்திரி முழுக்க வைத்தாள். ஈரத்தில் அது கரைந்து கூழாகிவிட, அதைக் கவனிக்காமல் மாட்டிக்கொண்டு போன அப்பா, சாயந்தரம் காலில் வெள்ளையடித்துக்கொண்டு வந்தார். நாற்றம் வைத்த இடத்திலேயே இருந்தது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் நியூஸ்பேப்பரைச் சுருட்டித் திணித்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்றார். இழுக்கத்தான் செய்தது. ஆனால் கொஞ்சம் பேப்பர் உள்ளேயே ஒட்டிக்கொண்டதால் அப்பாவின் குதிகாலில் ஏதோ தலைப்புச் செய்தியின் பாதி கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக அச்சாகியிருந்தது. பிறகு அம்மா தன் சொந்தக் கண்டுபிடிப்பாக எலுமிச்சைத் தோலையும் சூடத்தையும் போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு வந்த வாசனையை எப்படிச் சொல்வது! கோயில் பிரகாரத்தில் எலி செத்துக் கிடந்த மாதிரி இருந்தது.

கடைசியில் வழி சொன்னது பின்வீட்டுப் பௌதி. பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. குவார்ட்டர்ஸுக்கே அவர் அண்ணிதான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் கூத்தைச் சில நாள் பார்த்துவிட்டுப் பொறுக்காமல் ஒரு சாயந்தரம் வந்தார். “அரே, அந்தர் வாலா நிகாலோ நா!”, உள்ளே இருப்பதை எடுங்களேன் என்று ஷூவுக்குள் கையை விட்டு, அடியில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். ஊறிப்போன ஆப்பம் மாதிரி அது பிய்ந்து வந்தது. நாற்றத்தின் குடியிருப்பு அங்கேதான் என்று அதன் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. அது தனியாகக் கழன்று வரும் என்பதே அப்பாவுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் வீட்டைக் கழுவாமல் வாசலுக்கு மட்டும் கோலம் போட்டிருக்கிறோம். அத்தை அந்த அட்டைகளை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தாள். பழைய சாக்ஸில் சிரட்டைக்கரியை நிரப்பி முடிச்சுப் போட்டு ஷூவுக்குள் ஆளுக்கொன்றாக வைத்தாள். நாற்றம் பாதிக்கு மேல் குறைந்தது. அத்தையே முகர்ந்து பார்த்து, “இப்ப மனுஷ வாசனைதான் அண்ணா” என்று சான்றிதழ் கொடுத்தாள்.

அம்மா மட்டும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, ஷூ வராண்டாவில் இருக்கக் கூடாது, பின்பக்க பாத்ரூமில் போடு என்று உத்தரவு போட்டுவிட்டு பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவப் போய்விட்டாள். பாத்ரூமில் வைத்தால் மறுபடி ஊறிவிடுமே என்று அத்தை நினைத்தாள். நானும் அவளும் அதைக் கொண்டுபோய் வேலிக்கு மேலாகப் பௌதியிடம் கொடுத்து, அவர் அடுப்படியில் தொங்கவிடச் சொன்னோம். குளித்துவிட்டு வந்த அப்பா தேடியபோது நான்தான் விவரத்தைச் சொன்னேன். அம்மாவிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவள் எண்ணெய்ச் சட்டியோடு போராடிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமா என்று மூன்று பேர் நல்ல மழையில் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை கறுப்பு லெதர் ஷூ போட்டிருந்தார். வராண்டாவில் அதைக் கழற்ற அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் மற்றவர்கள் உட்கார்ந்தே விட்டார்கள். அத்தை காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். தாய்மாமா போட் டிக்கெட் கிடைக்காத கஷ்டத்தைப் பேச ஆரம்பித்தார். அப்போதுதான் அது வந்தது.

முதலில் ஒரு கீற்றாக வந்தது. ஃபேன் அதைப் பிடித்து ஹால் முழுக்கப் பரிமாறியது. தாய்மாமா பேச்சை நிறுத்தாமலே மூச்சை மட்டும் நிறுத்திப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மூக்கை மூடிக்கொண்டார். கேசரித் தட்டுகள் எடுத்த இடத்திலேயே நின்றன. மாப்பிள்ளை தன் பாதங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

அம்மாவின் முகம் பஜ்ஜி எண்ணெயை விடச் சூடாகியிருந்தது. “தப்பா நினைக்காதீங்க. இவருக்கு ஜெட்டில வேலை. எத்தனை தடவ சொன்னாலும் அந்த ஷூவைக் கொண்டாந்து இங்கதான் எங்கயாவது போட்டு வைப்பாரு” என்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் இப்படிப் போட்டு உடைக்கிறாளே என்று எனக்கே கூசியது. ஆனாலும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்பா இப்போது, என் ஷூ பின்வீட்டில் அல்லவா இருக்கிறது என்பார், விஷயம் முடிந்துவிடும்.

அப்பா சொல்லவில்லை. “ஆமாங்க, என்னோடதுதான். இந்த பாரிஷ்ல எங்க காயுது!” என்று சிரித்தார்.

பொய் சொன்னால் நாக்கில் கொப்புளம் வரும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். கண்கூட இமைக்காமல் சொல்கிறார்! நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை வந்து என் தலையில் உட்கார்ந்தது, லேசாக அழுத்தியது. அந்த அழுத்தத்துக்கு எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான், நான் வாயை மூடிக்கொண்டேன். தாய்மாமா, “நல்லவேளை, சம்பந்தி யாருன்னு வாசல்லயே தெரிஞ்சு போச்சு” என்று ஒரு ஜோக் அடித்தார். எல்லோரும் மரியாதைக்குச் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு இப்படி ஒரு மனுஷன் பல்லைக் காட்டுவானா?

அம்மா ஷூவைத் தேடி எடுத்துப் போட வராண்டா பக்கம் போனாள். அவள் வாசற்படியைத் தாண்டுவதற்குள் மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார்.

“அக்கா, இருங்க. அது என்னோட ஷூ.”

அவருடைய அம்மா, “டேய்!” என்றார். அவர் நிறுத்தவில்லை. பேச ஆரம்பித்த பிறகு ஓட முடியாது என்கிற மாதிரி வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். அது எப்போதோ ஓர் இன்டர்வியூவுக்காக வாங்கியது. அலமாரியிலேயே கிடந்து பச்சையாகப் பூசணம் பிடித்துவிட்டது. பெண் பார்க்கப் போகும்போது ரப்பர் செருப்பா என்று அம்மா சத்தம் போட்டதால் காலையில் வெளியே மட்டும் துடைத்து பாலிஷ் போட்டு, உள்ளே பவுடரைக் கொட்டி மாட்டிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து மழையில் நடந்ததில் எல்லாம் ஊறி எழுந்துவிட்டது. “கழட்டும்போதே தெரிஞ்சு போச்சு. அப்படியே ஓடிடலாமான்னு இருந்துச்சு. அண்ணன் பாவம், அவர் மேல போடாதீங்க” என்றார். காது மடல்வரை சிவந்திருந்தது.

இனி கப்பல்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நாற்றம் பிடித்தவர், அதுவும் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டவர்! சென்ட் அடித்தவரையே வேண்டாமென்ற அத்தை இவரையா கட்டிக்கொள்வாள்?

அப்பாதான் முதலில் சிரித்தார், இந்த முறை வயிறு குலுங்க. அப்புறம் தாய்மாமா. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, “நான்தாங்க போடச் சொன்னேன், வர்ற வழியெல்லாம் எனக்கு மயக்கமே வந்துருச்சு” என்றார். அம்மாவுக்கு உயிர் வந்தது. நாற்றம் தன் வீட்டுடையது இல்லை என்று தெரிந்ததும் அவள் டாக்டராகிவிட்டாள். ஆப்பசோடா இப்போது போடக் கூடாது, முதலில் காய வேண்டும், வினிகர் தொட்டுப் பூசணத்தைத் துடைக்க வேண்டும் என்று அடுக்கியவள், வேலிப் பக்கம் போய்ப் பௌதிக்குக் குரல் கொடுத்தாள். பௌதி வந்தார். கூப்பிட்டது எதற்கென்று சரியாகப் புரிந்துகொள்ளாமல், ஒரு கையில் அப்பாவின் ஷூவையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

அம்மா அந்த ஷூவைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஃபேனைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு பெண் பார்க்கும் வைபவம் வராண்டாவில்தான் நடந்தது. பௌதி மாப்பிள்ளையின் ஷூவிலிருந்து உள்ளட்டையை உருவ, அதன் பச்சை நிறத்தைப் பார்த்து எல்லோரும் ஐயோ என்று பின்வாங்க, தாய்மாமா அதை வெளியே மழையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறிப்போன கேசரியை யாரும் மிச்சம் வைக்கவில்லை. மாப்பிள்ளை அப்பாவின் ஹவாய் செருப்பைப் போட்டுக்கொண்டு கராச்சர்மா பஸ் ஏறினார். அவருடைய ஷூ சிரட்டைக்கரியை முழுங்கிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அவர்கள் போனதும் அம்மா பயந்துகொண்டே அத்தையைக் கேட்டாள். அத்தை யோசிக்கக்கூட இல்லை, “சரி அண்ணி” என்றாள். என் மனசிலிருந்து அந்தக் கப்பல் ஒரே ஊதலில் கிளம்பிப் போய்விட்டது. இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! அவர் ஷூ அப்படி நாறுகிறதே என்று அத்தையிடம் கேட்டேன். “நாறட்டும்டி, கழுவிக்கலாம்” என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்க அவளே அதைத் துடைத்து, காற்றில் வைத்து, மழை வரும்போதெல்லாம் ஓடிப் போய் எடுத்து உள்ளே வைத்தாள். அடுத்த ஞாயிறு அவர் வாங்கிக்கொள்ள வந்தார். அவ்வளவு நேரம் ஷூவைப் பற்றிப் பேச என்ன இருந்ததோ, இரண்டு பேரும் வராண்டாவை விட்டு நகரவே இல்லை. கல்யாணம் முடிந்த பிறகு நான் சனிக்கிழமை தவறாமல் டவுன் பஸ்ஸில் கராச்சர்மா போய் வந்தேன். இப்போது எங்கள் நகரத்தின் பெயரையே மாற்றிவிட்டார்கள், அந்தப் பஸ் பயணம் மட்டும் இன்றைக்கும் நிற்கவில்லை.

ஒன்றை மட்டும் நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை, சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமாக அது எனக்குத் தோன்றவும் இல்லை. அப்பா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதற்கும் மாப்பிள்ளை, இப்போது என் மாமா, எழுந்து நின்றதற்கும் நடுவில், கோபம் தாங்காமல் நான் உள்ளறைப் பக்கம் திரும்பினேன். திரைக்குப் பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அவரையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள், முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. “அது என்னோட ஷூ” என்று அவர் சொன்னதும்தான் அந்த மூச்சை விட்டாள், விட்டதும் கண் நிறைந்துவிட்டது. பாவம், அத்தைக்கு நாற்றம் தாங்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.